கிரானைட் மேடைக்கும் சுவருக்கும் நடுவே விழும் இடுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய வீட்டின் சமையலறையைப் புதுப்பிக்கும்போது பெரும்பாலான வீடுகளில் வரும் தலைவலி இது. புதுக் கல் பளபளவென்று இருக்கும். பின்பக்கம் சுவரோடு சேரும் இடத்தில் மட்டும் ஒரு முனையில் அட்டைகூட நுழையாது, மறுமுனையில் விரலே நுழையும். "வெள்ளை சிமெண்ட் பூசிட்டா தெரியாது சார்" என்று சொல்லிவிட்டுக் கொத்தனார் அடுத்த வேலைக்குக் கிளம்பிவிடுவார். நம் ஊர் வீடுகளில் இருக்கும் கிரானைட், கடப்பா, குவார்ட்ஸ் மேடைகளை வைத்து, வீட்டுக்காரர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

கல்லை மெஷினில் நேராகத்தானே அறுக்கிறார்கள்? பிறகு ஏன் இடுக்கு கோணலாக வருகிறது?

கல் நேராகத்தான் இருக்கிறது, சுவர்தான் நேராக இல்லை. 9 இன்ச் செங்கல் சுவர் கட்டும்போது கொத்தனார் நூல் பிடிக்கும் பக்கம்தான் ஒழுங்காக வரும். செங்கல் ஒன்றுபோல் ஒன்று இருக்காது என்பதால் மறுபக்கம் மேடும் பள்ளமுமாகத்தான் நிற்கும். அதைப் பூச்சில் சரிக்கட்டுவார்கள். நல்ல பக்கத்துக்கு 12 மி.மீ. பூச்சு போதும், கரடான பக்கத்துக்கு 15 மி.மீ., சில இடங்களில் அதற்கும் மேல் போகும். பூச்சை மட்டப்பலகை வைத்து இழுக்கும்போது பலகை மூலைவரை சரியாக எட்டாது. கலவை அங்கே கொஞ்சம் தங்கிவிடும், சுவர் மூலையில் உட்பக்கமாக வளைந்து வரும். பழைய டைல்ஸை உடைத்து எடுத்த சுவர் என்றால் கேட்கவே வேண்டாம், பூச்சும் பாதி பெயர்ந்து கூடவே வந்திருக்கும்.

இதோடு இரண்டு சுவர்களும் ஒன்றுக்கொன்று மூலைமட்டத்தில் இல்லாவிட்டால் கோணல் இன்னும் கூடும். இதை நீங்களே பார்க்கலாம். மூலையிலிருந்து ஒரு சுவரில் 3 அடியும் இன்னொரு சுவரில் 4 அடியும் அளந்து பென்சிலால் குறியுங்கள். ஒரு குறியிலிருந்து இன்னொரு குறிக்குக் குறுக்கே டேப் பிடித்தால் சரியாக 5 அடி வர வேண்டும். கூடினால் மூலை விரிந்திருக்கிறது, குறைந்தால் ஒடுங்கியிருக்கிறது. ஒரே ஒரு டிகிரி விலகல் என்றாலும் 10 அடி மேடையின் மறுமுனையில் அது சுமார் 2 இன்ச் இடைவெளியாக வந்து நிற்கும். அதனால் இடுக்கைப் பார்த்ததும் கல் அறுத்தவர்மேல் பாய்ந்துவிடாதீர்கள். முதலில் மூலையை அளந்து பாருங்கள்.

பார்க்கத்தானே அசிங்கம்? அப்படியே விட்டால் என்ன?

அசிங்கத்தைப் பொறுத்துக்கொள்ளலாம், தண்ணீரைப் பொறுக்க முடியாது. மேடையைத் துடைக்கும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் நீர் அந்த இடுக்கில் இறங்குகிறது. கல்லுக்கு அடியில் கான்கிரீட் தட்டு இருந்தால் சுவர்ப்பூச்சு ஊறி, பின்னால் உள்ள அறையில் உப்புப் பூத்து பெயிண்ட் உரியும். அடியில் மாடுலர் அலமாரி என்றால் பாதிப்பு வேகமாக வரும். தண்ணீர் தாங்கும் வகை என்று 710 முத்திரை போட்ட பிளைவுட்டாகவே இருந்தாலும், வெட்டிய ஓரத்தையும் திருகு போட்ட துளையையும் பூசி மூடாமல் விட்டிருந்தால் அந்த வழியாக நீர் ஏறும். மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகையாக இருந்தால் உப்பிவிடும், உப்பிய பலகை திரும்பச் சரியாகாது. ஈரம் நிரந்தரமாக இருக்கும் இடத்துக்குக் கரையானும் வழி கண்டுபிடித்துவிடும்.

அடுத்தது கரப்பான். 2016-ல் கலிபோர்னியாவில் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நம் வீடுகளில் ஓடும் பெரிய செந்நிறக் கரப்பானைச் சோதித்தபோது, அது உடம்பைத் தட்டையாக்கி 3 மி.மீ. இடுக்கில் நுழைந்து வெளியேறியது. சமையலறையில் பெருகும் சின்னக் கரப்பானின் குஞ்சுக்கு அதைவிடக் குறைந்த இடமே போதும். பருப்புத் துணுக்கு, சோற்றுப் பருக்கை, எண்ணெய்ப் பிசுக்கு எல்லாம் விழும் இடமும் அதுவே. இடுக்கை அடைக்காமல் மருந்து அடித்துக்கொண்டே இருப்பதில் பயன் குறைவு.

எவ்வளவு இடுக்குக்கு எதைப் போட வேண்டும்?

முதலில் அளவு எடுங்கள். மேடையின் பின்னோரத்தில் அடிக்கு ஒரு குறி போட்டு, ஒவ்வொரு குறியிலும் இடுக்கு எத்தனை மி.மீ. என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். 0, 2, 3, 5, 9, 14 என்று வந்தால் சுவர் ஒரே சீராக விலகிப் போகிறது. 2, 8, 3, 10, 2 என்று வந்தால் சுவரில் மேடு பள்ளம் இருக்கிறது. இந்த இரண்டுக்கும் வைத்தியம் வேறு. முதலாவதற்குக் கல் துண்டு அல்லது டைல்ஸ், இரண்டாவதற்குச் சுவரைப் பூசி நேராக்குவது.

3 மி.மீ. வரை சிலிக்கான் (டியூபில் வரும், காய்ந்தால் ரப்பர் போல ஆகும் அடைப்புப் பசை) மட்டும் போதும். 3 முதல் 6 வரையிலும் சிலிக்கான்தான், ஆனால் இரண்டு பக்கமும் சுத்தமாக இருந்தே ஆக வேண்டும். 6-லிருந்து 12 வரை உள்ளே ஃபோம் கயிறு திணித்து அதன்மேல் சிலிக்கான். 12-ஐத் தாண்டினால் இடுக்கை அடைக்கும் யோசனையை விட்டுவிட்டு, மேலே டைல்ஸோ கல் பட்டியோ (அதே கல்லில் அறுத்த நீளத் துண்டு) வந்து மூடும்படி செய்யுங்கள். 1 இன்ச்சுக்கு மேல் என்றால் கொத்தனார் வேலை, தப்பிக்க முடியாது.

ஒரே மேடையில் இந்த எல்லா அளவும் வரலாம். அப்போது அகலமான முனைக்கு எது தேவையோ அதையே முழு நீளத்துக்கும் செய்யுங்கள். பாதி தூரம் சிலிக்கான், மீதி தூரம் பட்டி என்று முடித்தால் ஒட்டுப்போட்ட வேலை போலவே தெரியும்.

கொத்தனார் வெள்ளை சிமெண்ட் போதும் என்கிறாரே?

அவரைக் குறை சொல்ல மாட்டேன், காலங்காலமாக அப்படித்தான் செய்துவருகிறார்கள். ஆனால் இந்த இடத்துக்கு அது சரிப்படாது. மேடையும் சுவரும் தனித்தனி. மேடையில் தேங்காய் உடைக்கிறோம், கிரைண்டர் ஓடுகிறது, கொதிக்கும் குக்கரை இறக்கி வைக்கிறோம். மாடுலர் அலமாரிமேல் உட்கார்ந்த கல் என்றால் மழைக்காலத்தில் மரம் ஊதுவதும் வெயிலில் சுருங்குவதும் வேறு. கண்ணுக்குத் தெரியாத அளவில் கல் அசைந்துகொண்டே இருக்கிறது, சுவர் அசையாமல் நிற்கிறது. நடுவில் இறுகிப்போகும் பொருளை வைத்தால் அது விரிசல் விட்டே தீரும். வெள்ளை சிமெண்ட் காயும்போதே சுருங்கவும் செய்யும், அதனால் முதல் மயிரிழை விரிசல் கல்லின் ஓரத்தை ஒட்டியே ஓடும். அந்த விரிசலில் மஞ்சளும் எண்ணெயும் இறங்கியபின் எதைப் போட்டுத் தேய்த்தாலும் கறை போகாது.

அசையும் இடத்தில் அசைந்து கொடுக்கும் பொருள்தான் நிற்கும். இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்வதென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

எம்-சீல் வைக்கலாமா? எபாக்ஸி கிரௌட்?

எம்-சீல் எபாக்ஸி வகை, பிசைந்து வைத்தால் கல்லாக இறுகும். குழாய் ஓட்டைக்கு நல்லது, 10 அடி நீள இடுக்குக்கு வேண்டாம்.

எபாக்ஸி கிரௌட் வேறு கதை. கறை பிடிக்காது, தண்ணீர் இறங்காது, டைல்ஸுக்கு இடையே உள்ள கோடுகளுக்கு அதைவிடச் சிறந்தது இல்லை. ஆனால் அதுவும் இறுகும் பொருள்தான். கான்கிரீட் தட்டின்மேல் கலவை போட்டு அசையாமல் பதித்த கல், அதே சுவரில் பிடித்திருக்கும் தட்டு என்றால் பல வீடுகளில் தாக்குப்பிடிக்கிறது. மாடுலர் அலமாரிமேல் உட்காரும் கல்லுக்கு வேண்டவே வேண்டாம்.

கடையில் பலவகை சிலிக்கான் இருக்கிறது. எதை வாங்குவது?

மூடியைத் திறந்ததும் வினிகர் போலப் புளிப்பு நெடி அடித்தால் அது அசிடிக் வகை. விலை குறைவு, சீக்கிரம் காயும், கண்ணாடிக்கு நன்றாகப் பிடிக்கும். ஆனால் காயும்போது அசிடிக் அமிலத்தை விடுகிறது. மார்பிள், சிமெண்ட் பூச்சு போன்ற சுண்ணாம்புச் சத்துள்ள பரப்பை அந்த அமிலம் அரிக்கும், ஒட்டும் பிடிப்பும் போய்விடும். மேடைக்கு நியூட்ரல் வகை என்று கேட்டு வாங்குங்கள். டியூபின்மேல் இயற்கைக் கல்லுக்கு ஏற்றது என்று போட்டிருந்தால் இன்னும் நல்லது. சில சிலிக்கான்களில் இருக்கும் எண்ணெய் கல்லுக்குள் ஊறி, ஓரம் நெடுக ஈரம் பட்டதுபோல் ஒரு கருத்த கோடு விழுந்துவிடும். வெளிர் நிறக் கிரானைட்டில் இது பளிச்சென்று தெரியும், அழிக்க முடியாது.

சிங்க் பக்கத்துக்குப் பூஞ்சைத் தடுப்பு உள்ள சானிட்டரி சிலிக்கான் நல்லது. அக்ரிலிக் சீலன்ட் மேல் பெயிண்ட் அடிக்கலாம் என்பதால் பெயிண்டர்கள் அதைச் சிபாரிசு செய்வார்கள். கல் பட்டியின் மேல்விளிம்பும் சுவரும் சேரும் காய்ந்த இடத்துக்கு அது சரி, மேடை மட்டத்தில் தண்ணீர் தேங்கும் இடத்துக்குச் சரியில்லை. சிலிக்கான்மேல் பெயிண்ட் ஒட்டாது என்பதையும் பெயிண்ட் வேலைக்கு முன்பே யோசித்துக்கொள்ளுங்கள்.

என்ன நிறம்?

கல்லின் நிறம். கறுப்புக் கிரானைட்டுக்குக் கறுப்பு, சாம்பல் கல்லுக்குச் சாம்பல். அப்போது கல்லே சுவர்வரை போய்ச் சேர்ந்ததுபோல் இருக்கும், கோணல் கண்ணில் படாது. சுவர் நிறத்தில் வெள்ளை போட்டால் மஞ்சள் கறை சீக்கிரம் ஏறும். நிறமில்லாத சிலிக்கான் 2 மி.மீ. இடுக்குக்கு மேல் வேண்டாம், பின்னால் இருக்கும் அழுக்கெல்லாம் தெரியும்.

சிலிக்கான் நானே போடலாமா? எப்படி?

தாராளமாகப் போடலாம். கை பழக ஒரு அட்டையின்மேல் சில அடி இழுத்துப் பார்த்துவிட்டு மேடைக்கு வாருங்கள். போடும் வேலை சின்னது, தயார் செய்வதுதான் பெரிது.

முதலில் சுவர்ப்பக்கம். சுவரில் பட்டி (கல் பட்டி இல்லை, பெயிண்டுக்கு அடியில் பூசும் வால் புட்டி) பார்த்திருந்தால், இடுக்கை ஒட்டி அரை இன்ச் உயரத்துக்குப் பட்டியைச் சுரண்டிச் சிமெண்ட் பூச்சு தெரியும்வரை எடுத்துவிடுங்கள். நம் வீடுகளில் சிலிக்கான் உரிந்து வருவதற்கு இதுதான் முக்கியக் காரணம். சிலிக்கான் பட்டியை விடாமல் பிடித்துக்கொள்ளும், பட்டிதான் சுவரை விட்டுவிடும். உரிந்த சிலிக்கானைத் திருப்பிப் பாருங்கள், முதுகில் வெள்ளைப் பொடி அப்பியிருக்கும். சுரண்டிய இடத்தில் ஒரு கை சிமெண்ட் பிரைமர் அடித்துக் காயவிடுங்கள்.

கல்லின் ஓரத்தில் கலவைத் துளி, பாலிஷ் மெழுகு, எண்ணெய் எதுவும் இருக்கக் கூடாது. பிளேடால் சுரண்டி, சுத்தமான துணியில் ஸ்பிரிட் நனைத்துத் துடையுங்கள். சானிடைசர் வேண்டாம், அதில் இருக்கும் கிளிசரின் படலமாக நின்றுவிடும். இடுக்குக்குள் இருக்கும் தூசியைத் தூரிகையால் கிளறி வாக்குவம் வைத்து இழுங்கள். பிறகு நன்றாகக் காய வேண்டும். புதுப் பூச்சு என்றால் ஒரு வாரம் தண்ணீர் விட்டு, அது முழுசாக உலர்ந்தபின்தான் சிலிக்கான்.

இடுக்கின் இரண்டு பக்கமும், ஓரத்திலிருந்து 2 மி.மீ. தள்ளி மாஸ்க்கிங் டேப் ஒட்டுங்கள். டியூபின் மூக்கைச் சாய்வாக, இடுக்கைவிடச் சற்றுச் சின்னதாக வெட்டுங்கள். டியூபை மாட்டி அழுத்தும் கன்னை ஒரே வேகத்தில், நிற்காமல் இழுக்க வேண்டும். நின்ற இடத்தில் குமிழ் விழும். ஒரு சுவரின் நீளத்தை ஒரே இழுப்பில் முடிக்கப் பாருங்கள். உடனே சோப்புத் தண்ணீரில் விரலை நனைத்து, ஒரே அழுத்தத்தில் வழித்துக்கொண்டு போங்கள். மேலே லேசான குழிவாக வரும், தண்ணீர் நிற்காது. சிலிக்கான் தோல் கட்டுவதற்கு முன்பே டேப்பை உரித்துவிடுங்கள். தோல் கட்டியபின் உரித்தால் ஓரம் பிய்ந்துகொண்டு வரும். நம் ஊர் புழுக்கத்தில் 10 நிமிடத்திலேயே தோல் கட்டத் தொடங்கலாம், அதனால் நீளமான மேடைக்கு ஒருவர் இழுக்க, இன்னொருவர் பின்னாலேயே வழித்துவருவது நல்லது.

சிலிக்கான் காற்றில் உள்ள ஈரத்தை எடுத்துக்கொண்டு மேலிருந்து உள்நோக்கிக் காய்கிறது, ஒரு நாளைக்குச் சுமார் 2 அல்லது 3 மி.மீ. ஆழம். குறைந்தது 24 மணி நேரம் அந்தப் பக்கம் தண்ணீர் படக் கூடாது. 6 மி.மீ. ஆழம் போட்டிருந்தால் இன்னும் ஓரிரு நாள் பொறுங்கள்.

ஃபோம் கயிறு எதற்கு? முழுக்கச் சிலிக்கானையே நிரப்பக் கூடாதா?

இரண்டு காரணம். ஒன்று செலவு. 280 மி.லி. டியூப் ஒன்று, 6 மி.மீ. அகலமும் 6 மி.மீ. ஆழமும் உள்ள இடுக்கில் 25 அடி வரை வரும். அதே டியூபை 12 மி.மீ. அகல இடுக்கில் கல்லின் தடிமன் 20 மி.மீ. முழுவதும் நிரப்பினால் 4 அடிகூட வராது.

இன்னொன்று முக்கியமானது. சிலிக்கான் எதிரெதிர்ப் பக்கங்கள் இரண்டிலும் மட்டும் ஒட்டியிருந்தால்தான் ரப்பர் போல இழுபடும். அடியிலும் ஒட்டிக்கொண்டால் மூன்று பக்கமும் பிடித்து இழுத்து, நடுவில் கிழிந்துவிடும். ஃபோமில் சிலிக்கான் பிடிக்காது, அதனால் அடிப்பக்கம் விடுதலையாக இருக்கும். இடுக்கைவிடக் கொஞ்சம் பருத்த கயிறாக வாங்கி, மேலிருந்து 6 மி.மீ. இடம் விட்டு அமுக்கித் திணியுங்கள். கூரான எதையும் வைத்துக் குத்தாதீர்கள், ஃபோம் கிழிந்தால் அதிலிருந்து காற்றுக் குமிழ் கிளம்பும்.

பெரிய ஊர்களின் ஹார்டுவேர் கடைகளில் பேக்கர் ராட் என்று கேட்டால் கிடைக்கும். கிடைக்காத ஊரில் டிவி, ஃபிரிட்ஜ் பெட்டிக்குள் வரும் வெள்ளை ஃபோம் ஷீட்டை நீளமாக நறுக்கி, உருட்டித் திணிக்கலாம். அதுவும் பாலிஎத்திலீன் வகைதான். பேப்பரோ துணியோ சாக்குத் துண்டோ வைக்காதீர்கள், ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு நாறும்.

முதலில் டைல்ஸா, முதலில் கல்லா?

முதலில் கல், அதன்மேல் டைல்ஸ். புதுப்பிக்கும் வேலையில் இந்த வரிசை ஒன்றைச் சரியாக வைத்தாலே பாதி இடுக்கு காணாமல் போய்விடும்.

கணக்கு எளிது. சுவர் டைல்ஸ் சுமார் 8 மி.மீ. தடிமன். டைல்ஸ் பசையில் ஒட்டினால் பின்னால் இன்னும் 3 முதல் 5 மி.மீ. சேரும். சிமெண்ட் கலவையில் ஒட்டினால் 10 மி.மீ.க்கு மேலும் சேரும். ஆகப் பூச்சிலிருந்து டைல்ஸின் முகம் 11 முதல் 18 மி.மீ. வரை முன்னால் வந்து நிற்கிறது. கல்லுக்கும் பூச்சுக்கும் நடுவே 8, 10 மி.மீ. இடுக்கு இருந்தாலும் டைல்ஸ் அதைத் தாண்டி வந்து கல்லின்மேல் உட்கார்ந்துவிடும். டைல்ஸ் முகத்தைத் தூக்குக் குண்டும் நூலும் பிடித்து ஒட்டுவதால் கோடும் நேராக வரும். சுவரின் கோணலை டைல்ஸுக்குப் பின்னால் இருக்கும் கலவை விழுங்கிக்கொள்கிறது.

ஆனால் டைல்ஸைக் கல்லின்மேல் நேரடியாக உட்காரவைக்கக் கூடாது. அடியில் 2 அல்லது 3 மி.மீ. இடம் விடச் சொல்லுங்கள். ஸ்பேசர் இல்லை என்றால் அட்டைத் துண்டு வைத்தாலே போதும். அந்த இடத்தில் கிரௌட் பூசக் கூடாது, சிலிக்கான்தான் போட வேண்டும். டைல்ஸ்காரர் மற்றக் கோடுகளுக்குக் கிரௌட் பூசும் கையோடு இதையும் பூசிவிடுவார், அதனால் வேலை தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.

பழைய டைல்ஸை வைத்துக்கொண்டு கல்லை மட்டும் மாற்றுபவர்களுக்குத்தான் சிரமம் அதிகம். பழைய கல்லை எடுக்கும்போது கடைசி வரிசை டைல்ஸ் உடையும், இடுக்கும் அப்படியே வெளியே தெரியும். கடைசி வரிசையை மட்டும் முழுசாக எடுத்துவிட்டு, கல் வைத்தபின் வேறு நிறத்தில் ஒரு பட்டை வரிசை ஒட்டுவதே நல்ல வழி. அதே டைல்ஸைத் தேடிக் கடை கடையாக அலைய வேண்டாம். டிசைன் கிடைத்தாலும் வேறு தயாரிப்பில் நிறம் துளி மாறியிருக்கும், அது இன்னும் மோசமாகத் தெரியும்.

டைல்ஸே வேண்டாம் என்றால் கல் பட்டி வைக்கலாமா?

நல்ல வழிதான். அதே கல்லின் மிச்சத் துண்டில் 4 இன்ச் உயரப் பட்டி அறுத்து, மேடையின்மேல் சுவரோடு சேர்த்து நிற்க வைப்பது. கல் தடிமன் 16 முதல் 20 மி.மீ. இருப்பதால் 15 மி.மீ. இடுக்கு வரை மறைந்துவிடும். மிச்சத் துண்டைக் கடைக்காரர் எடுத்துக்கொண்டு போவதற்கு முன்பே சொல்லி வையுங்கள், அடுத்த ஸ்லாபில் புள்ளியும் நிறமும் மாறும். பட்டியைச் சுவரில் டைல்ஸ் பசை போட்டு ஒட்டுங்கள். பட்டிக்கும் மேடைக்கும் நடுவே மட்டும் சிலிக்கான்.

இதில் ஒரு சங்கடம் உண்டு. இடுக்கு மேடையிலிருந்து மறைந்து பட்டியின் தலைக்கு ஏறிவிடும். நேரான பட்டி, வளைந்த சுவர், நடுவில் கோணல் கோடு. ஆனால் அங்கே தண்ணீர் தேங்காது. அக்ரிலிக் சீலன்ட் அடைத்து, சுவரோடு சேர்த்துப் பெயிண்ட் அடித்துவிட்டால் யாருக்கும் தெரியாது.

பி.வி.சி. பீடிங், அலுமினியம் ஆங்கிள் எல்லாம் சீக்கிரம் முடிகிற வேலைதான். எனக்குச் சமையலறையில் அவை பிடிப்பதில்லை. அடியில் எண்ணெய்ப் பிசுக்கு சேர்ந்து கரப்பானுக்குக் கூரை போட்டதாகிவிடும். அடுப்புக்கு அருகே பி.வி.சி. சூட்டில் நெளிந்தும் போகும்.

ஒரு இன்ச்சுக்கு மேல் இடுக்கு. என்ன செய்வது?

கல் வைத்த அன்றே பார்த்துவிட்டால், கலவை இறுகும் முன் கல்லைப் பின்னால் தள்ள முடியுமா என்று கேளுங்கள். முன்பக்கம் கல் அலமாரியைத் தாண்டி வழக்கமாக 1 இன்ச் நீட்டிக்கொண்டிருக்கும், அதில் அரை இன்ச் விட்டுக்கொடுக்கலாம். ஒரு முனையை மட்டும் தள்ளித் திருப்பாதீர்கள். பின்னால் சரியாகும், முன்விளிம்பு அலமாரிக்குக் கோணலாகும். வீட்டுக்குள் நுழைபவர் முதலில் பார்ப்பது முன்விளிம்பைத்தான்.

இறுகிவிட்டது என்றால், இடுக்கின் வடிவத்துக்கே ஒரு கல் துண்டு. ஒரு முனையில் ஒரு இன்ச், மறுமுனையில் கால் இன்ச் என்று ஆப்பு போல அறுத்து, மேடைக் கல்லின் பின்விளிம்போடு கிரானைட்காரர்கள் பயன்படுத்தும் மாஸ்டிக் பசை போட்டு ஒட்டி, அடியிலும் கலவை கொடுத்துத் தாங்க வேண்டும். ஒட்டிய கோடு தெரியத்தான் செய்யும். மேலே டைல்ஸோ பட்டியோ வந்து அதை மூடும்படி கணக்குப் போட்டு அறுக்கச் சொல்லுங்கள்.

இன்னொரு வழி சுவரை முன்னால் கொண்டுவருவது. பழைய பூச்சைக் கொத்தி, நனைத்து, சிமெண்ட் பால் அடித்து, மேடை மட்டத்திலிருந்து மேலே பூசுவது. ஒரே தடவையில் 15 மி.மீ.க்கு மேல் அப்பினால் கலவை சரியும். அதற்கு மேல் தேவை என்றால் கோழி வலை அடித்து இரண்டு தடவையாகப் பூச வேண்டும், முதல் பூச்சு இறுகியபின் இரண்டாவது. பூசுவதற்கு முன் இடுக்கில் கல் சில்லும் கலவையும் போட்டு அடைக்காவிட்டால் பூச்சின் கீழ்ப்பக்கம் அந்தரத்தில் தொங்கும். மேடைக்குப் பின்னால் மட்டும் பூசி நிறுத்தினால் பூச்சு முடியும் இடத்தில் ஒரு படி விழும் என்பதால், மேல் அலமாரியின் அடிவரை, பக்கச் சுவர்வரை கொண்டுபோய் முடியுங்கள்.

சுவரில் காடி (நீளப் பள்ளம்) வெட்டிக் கல்லைச் செருகினால் இடுக்கே வராதாமே?

உண்மைதான், நல்ல முறை. பூச்சில் 10 அல்லது 12 மி.மீ. ஆழக் காடி எடுத்து, கல்லின் பின்விளிம்பை அதற்குள் தள்ளி வைத்தால் சுவரின் கோணல் எல்லாம் காடிக்குள் போய்விடும். கல் வைப்பதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டிய வேலை இது. சுவருக்குள் போகும் தண்ணீர்க் குழாயும் கரண்ட் பைப்பும் எங்கே என்று தெரியாமல் காடி வெட்ட விடாதீர்கள். நாலரை இன்ச் சுவர் என்றால் பூச்சின் ஆழத்தோடு நிறுத்துங்கள், செங்கல்லைத் தொட வேண்டாம். L வடிவ மேடையில் இரண்டு பக்கமும் காடிக்குள் கல்லைச் செருகுவது கடினம், ஒரு பக்கம்தான் நடக்கும்.

கல்லையே சுவரின் வளைவுக்கு ஏற்ப அறுக்க முடியாதா?

முடியும். அட்டையையோ மெல்லிய பிளைவுட்டையோ சுவரோடு வைத்து, சுவரின் வளைவைப் பென்சிலால் அதில் இழுத்து, அந்த அச்சைக் கல்லின்மேல் வைத்து அறுப்பார்கள். டைல்ஸோ பட்டியோ வைக்காமல் வெறும் சுவரோடு கல் சேர வேண்டும் என்று விரும்புபவர்களுக்கு இதைவிட அழகான முடிவு இல்லை. பொறுமையான கைக்காரர் வேண்டும்.

அறுப்பதை வீட்டுக்குள் செய்ய விடாதீர்கள். கிரானைட்டில் குவார்ட்ஸ் கணிசமாக உண்டு. செயற்கைக் குவார்ட்ஸ் ஸ்லாபில் 90 சதவீதம்வரைகூட அதுதான். உலர்வாக அறுக்கும்போது கிளம்பும் நுண்ணிய சிலிக்கா தூசி நுரையீரலில் தங்கி சிலிக்கோசிஸ் நோயைக் கொடுக்கிறது. வந்துவிட்டால் குணப்படுத்த முடியாத நோய். இந்தக் காரணத்துக்காகவே ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் செயற்கைக் குவார்ட்ஸ் ஸ்லாப்களைத் தடை செய்தது. வெளியே வைத்து, பிளேடில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே அறுக்கச் சொல்லுங்கள். அறுப்பவருக்கு என்-95 மாஸ்க் நீங்களே வாங்கிக் கொடுங்கள். மூக்கில் கட்டும் துண்டு அந்தத் தூசியைத் தடுக்காது. நம் வீட்டு வேலை ஒரு நாளில் முடிந்துவிடும், அவர் தினமும் அதே தூசியில் நிற்கிறார்.

சிலிக்கான் போட்டும் பின்பக்கம் தண்ணீர் தேங்குகிறதே?

வாட்டம் தப்பு. ஒரு டம்ளர் தண்ணீரை மேடையின் நடுவில் ஊற்றிப் பாருங்கள். அது சிங்க் பக்கம் நகர வேண்டும். சுவர்ப்பக்கம் போனால் எந்தச் சிலிக்கானும் எப்போதும் ஈரத்திலேயே ஊறிக்கிடக்கும், பூஞ்சை பிடிக்கும், போர் தண்ணீர் உள்ள ஊரில் வெள்ளையாக உப்பும் படியும். இந்தச் சோதனையைக் கல் வைத்த அன்று, கொத்தனார் கூலி வாங்கும் முன் அவர் கண்முன்னால் செய்யுங்கள். அப்போது அடியில் ஆப்பு வைத்துத் தூக்கிச் சரி செய்வது சின்ன வேலை. ஒரு மாதம் கழித்து என்றால் கல்லையே எடுக்க வேண்டிவரும்.

பழைய சிலிக்கான் கறுத்துவிட்டது. மேலேயே இன்னொரு கோட் போடலாமா?

வேண்டாம். காய்ந்த சிலிக்கான்மேல் புதுச் சிலிக்கான் ஒட்டாது. பிளேடு வைத்து இரண்டு பக்கமும் கீறி, கயிறு போல இழுத்து எடுங்கள். ஓரத்தில் நிற்கும் படலத்தையும் சுரண்டி, ஸ்பிரிட் துடைத்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள். மேலாகப் படிந்த பூஞ்சை பிளீச்சில் போகும், உள்ளே இறங்கியது போகாது. ஆசிட் மட்டும் ஊற்றாதீர்கள், பக்கத்தில் இருக்கும் கிரௌட் கரைந்து புது இடுக்கு பிறக்கும்.

கேஸ் டியூப் போகும் துளையையும் சிலிக்கான் வைத்து அடைக்கலாமா?

கூடாது. அந்த ரப்பர் டியூபை 5 வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், நடுநடுவே விரிசல் இருக்கிறதா என்று பார்க்கவும் வேண்டும். சிலிக்கானோ சிமெண்டோ வைத்து அடைத்தால் டியூபை உருவ முடியாது, உள்ளே தேய்ந்தாலும் தெரியாது. துளையின் ஓரம் கூர்மையாக இல்லாமல் தேய்த்துவிடச் சொல்லுங்கள். கழற்றி மாட்டக்கூடிய ரப்பர் வளையம் ஒன்று போட்டால் போதும்.

வாடகை வீட்டில் இருக்கிறேன். உடைக்காமல் என்ன செய்யலாம்?

ஃபோமும் நியூட்ரல் சிலிக்கானும் போதும். 12 மி.மீ. வரை இது தாங்கும், காலி செய்யும்போது பிளேடு வைத்து உரித்துவிடலாம். ஆனால் சுவர்ப் பட்டியைச் சுரண்ட வேண்டியிருப்பதால் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். அதற்குமேல் இடுக்கு இருந்தால் வீட்டுக்காரரையே கூப்பிட்டு, சிங்க் அடியில் அலமாரிக் கதவைத் திறந்து, பின்பலகை உப்பியிருப்பதைக் காட்டுங்கள். கல் பட்டி வைக்கும் செலவைவிட அலமாரி மாற்றும் செலவு அதிகம் என்று அவருக்கே தெரியும்.